ஐடா ஸ்கட்டர் அம்மையாரும் சிசு வார்டின் கதவும்

வேலூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை பாகாயத்தையும் கணியம்பாடியையும் கடந்து கண்ணமங்கலத்தை அடைகிறது. அங்கே ஒரு கிளை ஆரணிக்கும், மற்றொன்று போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிகின்றன. பட்டுத் தறியின் ஓசை கேட்கும் ஊர் அது. அவ்வூர்த் தறிக்காரர் குடும்பங்களுக்கு இச்சாலையில் இருவகைப் பிரயாணம் உண்டு. பாவு, பட்டு, கூலி முதலிய ஜீவனக் காரியங்களுக்காக ஆரணிப் பக்கம் செல்வது ஒன்று. உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது வேலூர்ப் பக்கம் விரைவது மற்றொன்று. இவ்விரண்டாவது பிரயாணத்தைப் பற்றியே இன்று நாம் எழுத முற்படுகிறோம். அதிலும், தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ள வகையற்ற, உரக்க அழுவதற்கும் வலுவில்லாத ஒரு பிரயாணியைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

மாதம் நிறையுமுன் பிறந்து, ஒரு படி அரிசியின் எடையே உள்ள சிசுவைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தபின் என்ன நிகழ்கிறது? குழந்தை தீவிர சிகிச்சை வார்டுக்குள் செல்கிறது, கதவு சாத்தப்படுகிறது. பெற்றவள் பிரசவ வார்டில் ஒரு புறம் கிடக்கிறாள்; சில வேளைகளில் பிரசவம் நடந்த ஊரிலேயே தங்கிவிடுகிறாள். தகப்பன் தாழ்வாரத்தில் நின்று, கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே வரும் நர்ஸின் முகக்குறியைப் பார்த்து நல்லதோ கெட்டதோ என ஊகித்துக் கொள்கிறான். நம் தேசத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இது நித்திய வழக்கம். உள்ளே இருப்போர் இரக்கமற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. குழந்தையின் நன்மைக்காகவே கதவைச் சாத்துவதாக அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள்.

இக்கதவைப் பற்றி யோசிக்குந்தோறும் வேறு மூன்று கதவுகளின் நினைவு நமக்கு வருகிறது. அவை திண்டிவனத்தில் ஒரே இரவில் அடைபட்ட கதவுகள். அவற்றின் காரணமாகவே வேலூருக்கு ஒரு டாக்டர் வந்தார். ஒரு மகத்தான வைத்தியசாலை தோன்றியது. அந்த டாக்டரின் வாழ்க்கையை நம் நேயர்களில் பலர் ஓரளவு அறிவர். எனினும் அதில் அடங்கிய படிப்பினை முழுவதையும் நாம் கைக்கொண்டோமா என்பது சந்தேகமாதலின், அதை மீண்டும் ஒருமுறை சொல்வது அவசியமாகிறது.

ஐடா ஸோபியா ஸ்கட்டர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் தேதி வட ஆற்காடு ஜில்லா இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கட்டர், 1819ஆம் ஆண்டில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியத் தொண்டு புரிந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய மக்கள் ஆற்காட்டுப் பிரதேசத்தில் மிஷன் ஏற்படுத்தினர். ஐடாவின் தகப்பனாரும் டாக்டரே. இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண் இத்தேசத்துக்கே தன்னை ஒப்படைப்பாள் என்று எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைச் சிறு குழந்தையாக இருந்தபோதே அவர் கண்டார். பசியால் கையைத் தூக்கவும் சக்தியற்ற பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்கும் வேலை அப்பிஞ்சுக் கைகளுக்கு வாய்த்தது. அக்காட்சி அவர் நெஞ்சில் இரக்கத்தை மட்டுமன்றி வெறுப்பையும் விதைத்தது. அமெரிக்காவில் நார்த்பீல்டு பள்ளியில் கல்வி பயின்ற காலத்தில், இந்த வெயிலுக்கும் புழுதிக்கும் மரணத்துக்கும் தாம் திரும்புவதில்லை என்ற உறுதியுடனேயே அவர் இருந்தார். தாயாருக்கு உடல்நலம் குன்றியதன் பேரில், சில காலம் உதவியாக இருக்கவேண்டுமென்றே 1890இல் திண்டிவனம் வந்தார்.

அவ்வூரில் கழித்த ஆண்டுகளில் ஓர் இரவு நிகழ்ந்தது வருமாறு. ஓர் இளம் பிராமணர் வந்து கதவைத் தட்டினார். ஏறத்தாழப் பதினான்கு வயதே ஆன அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிட்டு விட்டாள். தமக்கு வைத்தியம் தெரியாது என்றும், தம் தகப்பனார் தேர்ந்த டாக்டர், அவரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா தெரிவித்தார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்ற கருத்துடன் அவர் திரும்பினார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் கனவான் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. அதன்பின் உயர்குல ஹிந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்ததில், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்தது. அந்த நாளிலேயே, தாம் வைத்தியம் கற்று இந்தியாவுக்குத் திரும்பப் போவதாக ஐடா தம் பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்த இரவைப் பற்றி எழுதியோர் அனைவரும் அம்மூன்று தாய்மாரைப் பற்றி எழுதியிருக்கின்றனர். அவர்கள் வயிற்றிலிருந்த மூன்று சிசுக்களின் கதி என்னவாயிற்று என்று சரித்திரம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிசுவின் மரணத்தை ஒரு மரணமாகக் கணக்கிடாத காலம் அது. இதை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

மற்றொன்றையும் இங்கே நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த மூன்று கணவர்களும் கொடியவர்கள் அல்லர். கொடியவர்களாயின் இருட்டில் வேற்றுத் தேசத்தார் வீட்டைத் தேடி வந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மனைவிமேல் அன்பு இருந்தது. வழக்கத்தின்மேல் அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வைத்தியம் ஒரு வீட்டின் தூரத்தில் இருந்தது. ஆனால் வீட்டின் கதவு அதற்குத் திறக்கவில்லை. இது அந்நிய ஆட்சியின் குற்றமன்று, நம்மவருடைய குற்றம். சுயராஜ்யத்துக்காகப் பாடுபட்ட தலைவர்களெல்லாம் பெண்கல்வியையும் சமூகச் சீர்திருத்தத்தையும் கூடவே வற்புறுத்தியதன் நியாயம் இதுவே.

ஐடா அமெரிக்கா சென்று 1895இல் பிலடெல்பியாவிலுள்ள ஸ்திரீகளின் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி பெண்களுக்குத் திறக்கப்பட்டபோது அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. நியூயார்க் நகரத்துப் பாங்கர் ஷெல் என்பார், காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபரின் நினைவாகப் பதினாயிரம் டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார்.

தகப்பனாரிடம் அனுபவம் பெறலாம் என்று எண்ணி வந்தவருக்கு அவ்வாண்டிலேயே அத்துணையும் போயிற்று, தகப்பனார் காலமானார். பட்டம் பெற்று ஓராண்டும் நிரம்பாத டாக்டர், தனியே, பங்களாவின் ஒரு சிறு அறையில் ஒரே படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். நர்ஸ் என்று எவரும் இல்லை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியே உதவிக்கு நின்றாள். முதலில் ஜனங்கள் தயங்கினர், பிறகு வந்தனர், இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 5,000 நோயாளிகளை அவர் பார்த்தார். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

வேறொருவராயின் இத்துடன் திருப்தியடைந்திருப்பர். கட்டடம் எழும்பிற்று, டாக்டர் இருக்கிறார், நோயாளிகள் வரட்டும் என்று இருந்திருப்பர். ஐடா அம்மையாருக்குத் திண்டிவனத்து இரவு மறக்கவில்லை. வீட்டாரின் மனத்தைத் திறக்காமல் வைத்தியசாலையின் கதவைத் திறந்து வைப்பதால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். கிராமத்திலிருந்து கொண்டுவரப்படும் பெண்கள் பெரும்பாலும் எல்லா வைத்தியமும் பொய்த்த பிறகே வந்தார்கள். ஆகையால் அவரே கிராமத்தை நோக்கிப் புறப்பட்டார். 1909இல் பெஜோ என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் அவ்வண்டி செல்லும். முதலில் அதன் இரைச்சலைக் கேட்டு ஜனங்கள் பேய் வருகிறதென்று வயல்களில் ஓடி ஒளிந்தனர். சில காலத்துக்குள், மரத்தடிகளில் குழந்தைகளைத் தோளில் சாத்திக்கொண்டு தாய்மார் அதன் வரவை எதிர்நோக்கி நின்றனர். புண்ணுக்கு மருந்து, கண்ணுக்கு மருந்து, குழந்தையை எவ்வாறு குளிப்பாட்டுவது, எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கலாகாது என்னும் யோசனை யாவும் மரநிழலிலேயே நடந்தன. மாமியாரும் பாட்டியும் சூழ நின்று கேட்டனர். குடும்பத்தை விலக்கி அவர் வைத்தியம் செய்யவில்லை. குடும்பத்தின் நடுவில் நின்று செய்தார். அவ்வண்டி தொடங்கிய வேலையே பிற்காலத்தில் வேலூர் வைத்தியக் கல்லூரியின் கிராம சுகாதாரப் பணியாக வளர்ந்து, கண்ணமங்கலத்துச் சாலையிலுள்ள கணியம்பாடி வட்டார கிராமங்கள் வரை பரவியது.

அதே 1909ஆம் ஆண்டில் நர்ஸ்களுக்கான பள்ளி ஒன்று ஷெல் ஆஸ்பத்திரியில் தொடங்கப்பட்டது. நம் பெண்களை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதை இழிவெனக் கருதிய காலம் அது. அப்பள்ளியே வளர்ந்து, 1946இல் சர்வகலாசாலைப் பட்டப்படிப்புக்குரிய நர்ஸிங் கல்லூரியாயிற்று.

ஒரு டாக்டர் எத்தனை கிராமங்களுக்குச் செல்ல முடியும்? இத்தேசத்துப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்ற முடிவுக்கு அம்மையார் வந்தார். பெண்களுக்கென வைத்தியப் பள்ளி ஏற்படுத்த அனுமதி கோரியபோது அதிகார வர்க்கத்தார் நகைத்தனர். மனுச் செய்வோர் விரல்விட்டு எண்ணும் அளவினரே இருப்பர் என்றனர். வந்த மனுக்கள் 151. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டில் பள்ளி தொடங்கிற்று. ஒரு மைக்ராஸ்கோப், சில எலும்புகள், சிற்சில புத்தகங்கள் ஆகியவையே மூலதனம். முதல் ஆண்டுப் பரீட்சையில், மாகாணத்து ஆண் மாணவர்களில் பெரும்பாலோர் தவறியிருக்க, வேலூர்ப் பெண்கள் 14 பேரும் தேறினர். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று வாதாடியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் வேண்டியதில்லை. 1928இல் பாகாயத்துக் குன்றடியில் 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரி வளாகத்துக்கான வேலை தொடங்கியது. மகாத்மா காந்தியும் அவ்வாண்டில் அப்பள்ளிக்கு விஜயம் செய்தார்.

அம்மையாரின் வாழ்க்கையில் மிகக் கடுமையான சோதனை நம்மவர் சர்க்காரிடமிருந்தே வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1938இல் சென்னை மாகாணத்துக் காங்கிரஸ் மந்திரிசபை, வைத்தியத்தில் இரண்டாந்தரப் படிப்பு இனி வேண்டாம், சர்வகலாசாலைப் பட்டமே வேண்டும் என்று தீர்மானித்தது. கிராமத்தானுக்குக் குறைந்த படிப்புள்ள டாக்டரும், நகரத்தானுக்கு நிறைந்த படிப்புள்ள டாக்டரும் என்னும் பேதம் நீங்கவேண்டும் என்பது அதன் கருத்து. கொள்கை நியாயமானதே. ஆயினும் வேலூர்ப் பள்ளி அதன்படி உயர்வதற்கு வேண்டிய ஆசிரியர்கள், படுக்கைகள், பரிசோதனைச் சாலைகள் ஆகியவற்றின் செலவு மலைபோல் நின்றது. பள்ளி மூடப்படும் என்றே பலர் கருதினர். அம்மையாருக்கு அப்போது வயது 67.

அவர் நம் மந்திரிகளைக் குறைகூறிக் கொண்டு காலங்கழிக்கவில்லை. 1941இல் யுத்தத்தின் நடுவே அமெரிக்கா சென்று, எழுபது வயதுக்கு மேல், ஊர் ஊராகச் சுற்றி நான்கு ஆண்டுகள் பணம் திரட்டினார். அங்கே மற்றொரு தர்மசங்கடம் காத்திருந்தது. பெண்களுக்கென்றே ஏற்பட்ட கல்லூரியில் ஆண்களையும் சேர்த்தால்தான் பல மிஷன்களின் ஆதரவு கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. பெண்களின் உரிமையை விட்டுக்கொடுப்பதாகும் என்று, நெடுங்காலம் தோள்கொடுத்த லூஸி பீபாடி அம்மையார் எதிர்த்தார். ஐடா அம்மையார் நீண்ட மனப்போராட்டத்துக்குப் பின், கல்லூரி உயிரோடிருப்பதே முதற்காரியம் என்று தீர்மானித்தார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கிற்று. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1946இல் அம்மையார் ஓய்வு பெற்றார். தேசம் விடுதலையடைந்த காலத்தில், விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். தாம் கட்டியதை இத்தேசத்தார் கையில் ஒப்படைத்துவிட்டு விலகும் மனப்பக்குவம் எல்லா அந்நியருக்கும் வாய்ப்பதன்று. 1960ஆம் ஆண்டு மே மாதம், 89ஆம் வயதில், கோடைக்கானலில் அவர் உயிர் நீத்தார்.

மிஷனரிகளின் மதப்பிரசாரத்தைப் பற்றி நம் தேசத்தாரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. அதை இங்கே விவாதிக்க வேண்டியதில்லை. தன் வீட்டுப் பெண் பிரசவத்தில் பிழைத்தெழுந்ததைக் கண்ட எந்தக் குடும்பமும் அவ்விவாதத்தில் முதலில் இறங்காது என்பதுமட்டும் நமக்குத் தெரியும்.

இனி, நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். ஐடா அம்மையார் காலமானபோது, சிசுக்களுக்கான தீவிர சிகிச்சை என்பது உலகத்திலேயே அரும்புநிலையில் இருந்தது. மாதம் நிறையாத சிசுவுக்கு நேரும் ஆபத்துக்கள் பல. அதன் தோல் மெல்லியது. உடம்பில் கொழுப்பு இல்லை. ஆகவே சூட்டை விரைவில் இழந்துவிடும். சுவாசப்பையின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஒருவகைத் திரவம் உள்ளே சுரந்திருக்காது; ஒவ்வொரு மூச்சும் அதற்கு ஒரு பெரும் பிரயத்தனம். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறமை ஏறத்தாழ 34 வாரங்கள் நிறைந்த பின்னரே வரும். நோயை எதிர்க்கும் வலுவும் குறைவு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணி நேரமே வாழ்ந்து, இச்சுவாசக் கோளாறினாலேயே இறந்தான். உலகத்திலேயே வலிமை மிக்க சர்க்காரின் தலைவராலும் அன்று தம் குழந்தையைக் காப்பாற்ற இயலவில்லை. 1980இல் ஜப்பானில் டாக்டர் புஜிவாரா, அத்திரவத்துக்கு ஈடான மருந்தைச் சிசுவின் சுவாசப்பையில் செலுத்தி வெற்றி கண்டார். அன்று ஜனாதிபதியின் மகனுக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று ஏழைத் தறிக்காரன் மகளுக்கும் கிடைக்கக்கூடியதாயிற்று.

நம் தேசத்திலும் இத்துறையில் முன்னேற்றம் உண்டு. 2003இல் மேற்கு வங்கத்துப் புருலியாவில் தொடங்கி, ஜில்லா ஆஸ்பத்திரிகள்தோறும் சிசுக்களுக்கான விசேஷ வார்டுகள் ஏற்படலாயின. நோயுற்ற சிசுக்களுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சையும் போக்குவரத்தும் அளிக்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிற்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 28 நாட்களுக்குள் இறந்தவை இந்தியா முழுவதிலும் 20, தமிழ்நாட்டில் 9. திண்டிவனத்து இரவில் எவரும் கணக்கில் வைக்காத உயிர்களை நாம் எண்ணத் தொடங்கினோம். எண்ணியதால் காக்கவும் தொடங்கினோம். இதைப் பெருமையுடன் சொல்லலாம்.

ஆனால் இந்த முன்னேற்றத்துடன் ஒரு பிழையும் கூட வந்தது. இயந்திரங்கள் உள்ளே வந்தபோது தாய் வெளியே அனுப்பப்பட்டாள். இப்பிழை புதிதன்று. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, டாக்டர் டார்னியே 1880ஐ ஒட்டிப் பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் சிசுக்களுக்கென வெப்பப் பெட்டியை ஏற்படுத்தினார். அவருக்குப்பின் வந்த டாக்டர் புதேன், பெட்டியில் பிள்ளை பிழைத்தாலும், பிள்ளையிலிருந்து பிரிக்கப்பட்ட தாயின் மனம் நாளடைவில் விலகிவிடுவதையும் பால் வற்றிவிடுவதையும் கண்டு, தாயை அருகிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென 1900இலேயே தம் நூலில் எச்சரித்தார். உலகம் பெட்டியை ஏற்றுக்கொண்டது, எச்சரிக்கையை மறந்தது.

அதை மீண்டும் நினைவூட்டியது ஒரு செல்வ நாடன்று. தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், 1978இல், பெட்டிகள் போதாமல் ஒன்றில் பல சிசுக்களைக் கிடத்த நேர்ந்தபோது, டாக்டர் ரேய் என்பவர் சிசுவைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி, கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றதால் அப்பெயரே இம்முறைக்கு நிலைத்தது. வறுமைக்கேற்ற மாற்று வழியென்றே பலர் இதைக் கருதினர். அக்கருத்து தவறு என்பதை 2021இல் வெளியான ஒரு பரிசோதனை நிரூபித்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் முயற்சியால் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து தேசங்களில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 சிசுக்களைக் கொண்டு நடந்த பரிசோதனை அது. புது தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் பங்கு கொண்டது. உடல்நிலை சீரான பிறகே தாயிடம் கொடுக்கும் பழைய வழக்கப்படி நடத்தப்பட்ட சிசுக்களில் 28 நாட்களுக்குள் இறந்தவை நூற்றுக்கு 15.7. பிறந்தது முதலே தாயை வார்டுக்குள் வைத்து மார்போடு அணைக்கச் செய்தபோது இறந்தவை நூற்றுக்கு 12. அதாவது, முன்பு இறந்த நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர் பிழைத்தனர்.

எதிர்வாதத்தையும் கேட்பது நம் தொழில் வழக்கம். வெளியார் உள்ளே வந்தால் நோய்க்கிருமியும் வரும் என்பதே கதவைச் சாத்துவோரின் முக்கிய வாதம். அதே பரிசோதனையில், தாய் உள்ளே இருந்த வார்டுகளில் கிருமித்தொற்றின் சந்தேகம் கூடவில்லை; குறைந்தது. கையை முறையாகக் கழுவக் கற்றுக்கொடுத்த தாய் கிருமியின் தூதுவள் அல்லள். தாய்ப்பாலோ கிருமிக்கு மருந்து. புது தில்லி ராம் மனோகர் லோஹியா ஆஸ்பத்திரியில், தாய் தகப்பன் இருவருக்கும் பயிற்சி அளித்து வார்டுக்குள்ளேயே குழந்தையைப் பேணச் செய்த அனுபவத்தைக் கொண்டு, மத்திய சர்க்கார் 2017இல் தேசத்துக்கே வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது. நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையையே, உறிஞ்சத் தெரியாத சிசுவுக்குப் பால் புகட்டும் சாதனமாகச் சிசு வைத்தியர்கள் ஏற்றுக்கொண்டனர். அப்பெயரும் அப்படியே வைத்திய நூல்களில் வழங்குகிறது. குடும்பத்தின் கையிலும் அறிவு உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஆகவே கொள்கை இருக்கிறது, விதி இருக்கிறது, சாட்சியம் இருக்கிறது. வழக்கம் மட்டும் பல இடங்களில் மாறவில்லை.

விதி மாறினால்மட்டும் போதாது என்பதையும் கண்ணமங்கலத்துத் தறிவீடு நமக்குச் சொல்லும். அங்கே மனைவி தார் சுற்றினால்தான் கணவன் நாடா எறியலாம். கோர்வைக் கரை வைத்து நெய்யத் தறியில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். மனைவி ஒரு மாதம் வேலூரில் குழந்தையுடன் தங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். முன்பணம் வாங்கியிருந்தால் கடன் நிற்காது வளரும். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்குச் சோறிடுவார் யார் என்ற கேள்வியும் உண்டு. 1961ஆம் ஆண்டின் பிரசவகாலச் சலுகைச் சட்டம் ஸ்தாபனங்களில் வேலை செய்யும் பெண்களை உத்தேசித்தே இயற்றப்பட்டது. சொந்த வீட்டுத் தறியில் கூலிக்கு உழைப்பவளுக்கு அது நிழல் தரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் நம் மாகாணத்தில் வழங்கும் மகப்பேறு உதவி மிகவும் பாராட்டத்தக்கது. எனினும் அது பிரசவத்தைக் கருதி வகுத்த தொகையே அன்றிச் சிசு வார்டில் கழியும் நாட்களைக் கருதியதன்று. அதனால்தான், குழந்தை தேறுமுன்பே அழைத்துச் செல்ல ஏழைத் தகப்பன் துணியும் விபரீதம் ஏற்படுகிறது. அவனை அறிவிலி என்பது எளிது. திண்டிவனத்துக் கணவர்களை அச்சம் தடுத்தது. இவனைப் பசி தடுக்கிறது.

ஆகவே நாம் கோருவன இவை. சிசு வார்டுள்ள ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் தாய்க்குக் குழந்தையின் பக்கத்தில் ஒரு படுக்கை வேண்டும். அவளுக்கு மூன்று வேளை ஆகாரம் வேண்டும். தகப்பனும் பாட்டியும் முறைவைத்து உள்ளே வரவும், குழந்தையின் நிலையைத் தினமும் ஒருமுறை தமிழில், நின்று நிதானமாகக் கேட்டறியவும் ஏற்பாடு வேண்டும். ஊரிலிருந்து வந்து தங்குவோருக்குக் காசில்லாத சத்திரம் வேண்டும். இவை சர்க்காரின் கடமை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், அங்கத்தினர் வீட்டில் இத்தகைய சிசு பிறந்தால் தறி நின்ற நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியேனும் கொடுக்க நிதி ஒதுக்க வேண்டும். பாவு கொடுக்கும் முதலாளிகள் அக்காலத்தில் முன்பணத்துக்கு நெருக்காதிருக்க வேண்டும். தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஊர்தோறும் இருவர் முன்வந்து, ஆஸ்பத்திரிக்குச் சென்ற குடும்பத்தின் மூத்த பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டால், அது ஒரு பொதுக்கூட்டத்தைவிட மேலான தொண்டாகும் என்று நாம் எண்ணுகிறோம்.

ஐடா அம்மையாரின் பெயரை மேடைகளில் புகழ்வோர் பலர். இரவில் வந்து கதவைத் தட்டியவர்களைத் தம்மால் மறக்க முடியாததே அவரை வைத்தியராக்கியது. அன்று வீட்டின் கதவு வைத்தியருக்கு அடைபட்டிருந்தது. அதைத் திறப்பதற்கு அவர் அறுபது ஆண்டு உழைத்தார். கண்ணமங்கலத்துத் தாய் இப்போது வைத்தியசாலையின் கதவுக்கு வெளியே நிற்கிறாள். அதைத் திறக்க அறுபது ஆண்டு வேண்டியதில்லை. ஒரு நாற்காலியும், கை கழுவத் தண்ணீரும், அவளை உள்ளே அழைக்கும் மனமும் இருந்தால் நாளையே திறக்கலாம்.